நாற்பத்து மூன்று சும்மாடுகள்

தேரிக்குடி ஜங்ஷனில் ரயிலும் பஸ்ஸும் ஒரே கூரைக்கு அடியில் வந்து சேர்ந்த ஒன்பதாம் வருஷம், கால அட்டவணை செத்துப்போனது. யாரும் அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. வாசல் சுவரில் தொங்கிய பெரிய பலகையை இரண்டு பேர் கழற்றிக் குப்புறப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து வடை தின்றார்கள். மறுநாள் முதல் ஜங்ஷனைச் சாரதி நடத்தியது.

சாரதி ஆள் இல்லை. சென்னையில் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கும் இயந்திர மூளை. எந்த ஊருக்கு எத்தனை பஸ், எது எப்போது கிளம்ப வேண்டும், எது காலியாக ஓடுகிறது, எது திணறுகிறது என்று மாநிலம் முழுக்க அதுவே பார்த்துக்கொண்டது. பஸ்ஸில் ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை. டவுன் பஸ்கள் எல்லாருக்கும் இலவசமாகிவிட்டதால் டிக்கெட்டும் இல்லை. நம் பையில் கிடக்கும் போன் நாம் எங்கே போகிறோம் என்று அதனிடம் சொல்லிவிடும். அது வண்டியை அனுப்பிவிடும். நல்லதை நல்லது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். திருநெல்வேலி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்த ஊர், இப்போது மூன்று நிமிஷம் தாமதமானாலே முகத்தைச் சுளித்தது.

இத்தனை மாற்றத்திலும் பஸ் நிலையத்தில் மிஞ்சிய ஒரே மனுஷி டைம் கீப்பர் ஞானசுந்தரி. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். ஒரு காலத்தில் அவள் விசில் ஊதாமல் எந்த வண்டியும் நகராது. இப்போது ஊதினால் கேட்க டிரைவர் இல்லை. விசில் அவள் கூண்டுக்குள் ஆணியில் தொங்கியது, பித்தளை கறுத்துவிட்டது.

அவளுக்கு விட்டுவைத்த வேலைகள் இரண்டு. வண்டியில் யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனால் கண்ணால் பார்த்து, உடையவரிடம் ஒப்படைத்து, கையெழுத்துப் போட வேண்டும். எங்கோ ஒரு ஊரில் ஒரு பைக்குள் இருந்த ஏதோ வெடித்ததற்குப் பிறகு, இந்த ஒரு விஷயத்தை மட்டும் இயந்திரத்தை நம்பி விடக் கூடாது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். இரண்டாவது வேலை, சாரதி திரையில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது.

அந்தக் கேள்வியில்தான் அவள் வழுக்கி விழுந்தாள்.

சாரதி வந்த முதல் வாரம், ஏழு நாளும், காலை ஆறு மணிக்குத் திரை அவளைக் கேட்டது: "ஐந்தாம் ரேக்கில் காத்திருக்கும் பயணி எவரும் இல்லை. சரியா?" பஸ் நிற்கும் இடங்களை அங்கே ரேக் என்பார்கள். ஐந்தாம் ரேக்கிலிருந்து உப்பளத்துக்கு ஒரு பஸ் போகும். ஞானசுந்தரி எட்டிப் பார்த்தாள். ரேக்கில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. "சரி" என்று அமுக்கினாள். ஏழு நாள், ஏழு தடவை, உண்மையைத்தான் சொன்னாள்.

ஆறு மணிக்கு அங்கே எப்படி ஆள் இருக்கும்? அந்த பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வருவது ஆறு ஐந்து பாசஞ்சர் ரயிலில். அதுவும் என்றைக்கு ஆறு ஐந்துக்கு வந்தது? பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் அசைந்து அசைந்துதான் வரும். அதிலிருந்து இறங்கி, நாற்பத்தெட்டுப் படி ஏறி, நடைபாலத்தைக் கடந்து, நாற்பத்தெட்டுப் படி இறங்கி நாற்பத்து மூன்று பெண்கள் வருவார்கள். எல்லாரும் உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவர்கள். கடைசிப் பெண் கடைசிப் படியில் கால் வைக்கும்வரை ஞானசுந்தரி விசிலை வாயில் வைக்க மாட்டாள். இது எந்த அட்டவணையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் முப்பது வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அதுவரை பெண்கள் ஏறிய பிறகே போன பஸ், எட்டாம் நாள் முதல் ஆறு மணிக்கே கிளம்பிப் போனது, உப்புக் கம்பெனி குமாஸ்தாக்கள் இரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு. ரயில் வந்தது. பெண்கள் ஓடி வந்தார்கள். காலி ரேக்கில் நாய் எழுந்து வாலை ஆட்டியது.

"யக்கா, வண்டி எங்க?" என்று கேட்டாள் ரெஜினாள். அந்தக் கூட்டத்துக்கே வாய் அவள்தான்.

ஞானசுந்தரி காலியான சாலையைக் காட்டினாள்.

பஸ் சுற்றுச் சாலையில் போகும்; குறுக்கே நடந்தால் உப்பளத்துக்கு ஏழு கிலோமீட்டர். அதில் நாலு கிலோமீட்டர் செம்மணல் தேரி. காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும்; ஆட்டோ பிடித்தால் பாதிக் கூலி போய்விடும். ஏழரைக்குள் போய்ச் சேராவிட்டால் கங்காணி அன்றைக்கு உப்பு அள்ளப் பாத்தி கொடுக்க மாட்டான். பெண்கள் நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினார்கள். உப்புத் தண்ணீரில் வெடித்த கால்கள். மூன்றாம் வாரம் பேச்சிக்கனி என்பவள் தேரியில் மயங்கி விழுந்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரி. திரும்பிப் போனபோது அவளுடைய பாத்தியில் வேறு ஒருத்தி நின்றாள்.

அன்றைக்கு ஞானசுந்தரி சாப்பிடவில்லை. பேச்சிக்கனியைத் தேரியில் தள்ளியது தன்னுடைய ஆள்காட்டி விரல்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அது முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை.

எழுதிப் போட்ட மூன்று மனுக்களுக்கும் "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில் வந்தது. நாலாவது தடவை தலைமையகத்துக்குப் போன் செய்து, நிரஞ்சன் என்ற பொறியாளரைப் பிடித்துவிட்டாள். தென் மாவட்டத் தடங்கள் அவன் பொறுப்பு. சின்ன வயசு, மரியாதையான குரல்.

"மேடம், அந்த வண்டியில தினம் ரெண்டு பேர்தான் போறாங்க. டேட்டா தெளிவா இருக்கு."

"நாப்பத்திமூணு பேரு போவாவ சார். நான் எங்கண்ணால பாத்திருக்கேன்."

"சாயங்காலம் திரும்பி வரும்போது சீட்ல எடை தெரியுதுதான். ஆனா சிக்னல் இல்லையே. போன் இல்லாத எடைய சாரதி லக்கேஜ்னு எடுத்துக்கும்."

"லக்கேஜுன்னா?"

"மூட்டை மாதிரி. நிறைய ஊர்ல காய்கறி மூட்டைய சீட்ல வைக்கிறாங்க இல்லையா? அதைப் பயணின்னு எண்ணிடக் கூடாதுன்னு அப்படி வச்சோம்."

"அந்தப் பொம்பளைய போன் கொண்டு போக மாட்டாவ சார். உப்புத் தண்ணி பட்டா ஒரே வாரத்துல போயிரும். அதுவும் வீட்டுக்கு ஒண்ணுதான். பிள்ளைய படிக்கதுக்கு வச்சிட்டுப் போவாவ."

"கரெக்ட். அந்த போன் எல்லாம் அவங்கவங்க வீட்ல இருக்கறது சாரதிக்குத் தெரியும். அதனால, சாரதியைப் பொறுத்தவரைக்கும் அவங்க எல்லாரும் வீட்லதான் மேடம் இருக்காங்க."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். வருகிற செவ்வாய்க்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னான், ஆனால் வேறு காரியத்துக்கு. காலை வண்டியில் முப்பது பயணிகூட இல்லாத தடங்களை நீக்கப்போகிறார்கள். நீக்குவதற்கு முன்னால் ஒரு அதிகாரி நேரில் வந்து ஒப்பம் வைக்க வேண்டும் என்பது விதி. தடம் போனால் சாயங்கால வண்டியும் போகும். அந்த பஸ்ஸுக்காகவே தேரிக்குடியில் நிற்கும் பாசஞ்சர் ரயிலும் நிற்காது.

"நீங்களே வந்து எண்ணிப் பாருங்க சார்."

"என் கண்ணை வச்சு எண்ண அந்தப் படிவத்துல எடம் இல்ல மேடம். திரைல வர்ற எண்ணிக்கைதான்."

திங்கட்கிழமை காலை. நாளை விடிந்தால் தடம் இல்லை. ஐந்தாம் ரேக்கில் உப்பள பஸ் வழக்கம்போல நின்றது. இரவு முழுக்க அங்கேதான் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும். ஆறு மணி ஆனது. கதவு மூடவில்லை. வண்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு சுழன்றது.

"கேட்பாரற்ற பொருள். இருக்கை பதினேழு" என்றது வண்டியின் திரை.

ஞானசுந்தரி ஏறிப் பார்த்தாள். சன்னலோரச் சீட்டில் ஒரு துணி கிடந்தது. பச்சைப் பழஞ்சேலையைக் கிழித்து முறுக்கி, தலைச்சுமைக்கு அடியில் வைக்க வளையமாகச் சுற்றிய சும்மாடு, உப்புப் பூத்து விறைத்திருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு துணி சீட்டில் கிடந்தால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லாருக்கும் தெரியும். அந்தச் சீட்டுக்கு ஆள் வருகிறது. துண்டோ, கைக்குட்டையோ, தூக்குச்சட்டியோ, சன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார எந்தச் சண்டியருக்கும் துணிச்சல் வராது. இதைச் சாரதிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பொருளை, மறந்தவற்றைப் பூட்டி வைக்கும் காப்பறைக்கு அனுப்பினால் வண்டி உடனே கிளம்பிவிடும். அல்லது, உடையவர் வருவதாகத் தெரிந்தால் அரை மணி நேரம் வரை காத்திருக்கலாம். விதி இரண்டையும் அனுமதித்தது. ஞானசுந்தரி வண்டிப் படியில் உட்கார்ந்து, வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தாள். குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் வாட்ச்சைப் பார்த்தார்கள்.

பதினோரு நிமிஷத்தில் ரயில் வந்தது. பாலத்திலிருந்து இறங்கிய பெண்கள் வண்டி நிற்பதைப் பார்த்துப் படியிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார்கள். அப்புறம் எழுந்த கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

"ஏட்டி ரெஜினா, இது உன் சும்மாடுதான?"

ரெஜினாள் வாயெல்லாம் பல்லாக வந்தவள், துணியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஆமாக்கா. நேத்து சாயந்தரம் வண்டி வந்ததும் பழைய நெனப்புல பேச்சிக்கு எடம் போட்டுட்டேன். எப்பவும் அவளுக்கு நாந்தான போடுவேன். அப்புறம்தான் அவ வல்லையேன்னு தெரியுது. எடுக்க மனசு வரல. கெடக்கட்டும்னு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாரதி இதற்கெல்லாம் காத்திருக்காமல் தன் வேலையைச் செய்தது. "உடையவர் அடையாளம் சொல்லவும்" என்றது. ரெஜினாள் சொன்னாள். ஞானசுந்தரி கையெழுத்துப் போட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இறங்கும்போது அவள் கண் தற்செயலாகத் திரையின் மூலைக்குப் போனது.

பயணிகள்: மூன்று.

அவள் அப்படியே நின்றாள். குமாஸ்தாக்கள் இரண்டு. மூன்றாவது யார்? வண்டிக்குள் நாற்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பத்தொன்று மூட்டை, ஒன்று மட்டும் மனுஷி. மறந்த பொருளை ஒரு மனிதர் கண்ணால் பார்த்து ஒப்படைத்தால், அதை வாங்கியவர் இருப்பதை மட்டும் சாரதி மறுக்க முடியாது. போன் இல்லாவிட்டாலும் சரி.

வண்டி போன பிறகும் ஞானசுந்தரி வெகுநேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அப்புறம் தனியாகச் சிரித்தாள். நாய் பயந்து எழுந்து போனது.

அன்று சாயங்காலம் பெண்கள் திரும்பி வந்தபோது ரேக்கில் நின்று எல்லாரையும் நிறுத்தினாள்.

"ஏம்மா, எல்லாரும் ஒரு காரியம் செய்யணும். உங்க சும்மாட்ட ஆளுக்கொரு சீட்டுல மறந்துட்டுப் போங்க."

"மறந்துட்டா? வேணும்னேவா?" என்றாள் ஒருத்தி.

"நாளைக்கு எடம் போடுதோம்னு வச்சுக்க. காலைல வந்து அவவ துணிய அவவ கேட்டு வாங்கணும். அடையாளம் சரியாச் சொல்லணும்."

"அந்த எழவு மெஷினு நம்மள மனுசின்னு ஒத்துக்கத் துணியக் காட்டணுமாக்கும்?" என்றாள் ரெஜினாள். ஆனால் முதலில் சும்மாட்டைப் பிரித்துச் சீட்டில் போட்டது அவள்தான். இரண்டு போட்டாள். ஒன்று தன்னுடையது. மற்றொன்று அந்தப் பச்சைத் துணி, பதினேழாம் சீட்டில்.

"அவ எப்படிட்டி வருவா? அவளுக்குத்தான் சோலி போயிட்டே."

"வருவாக்கா. நான் கூட்டிட்டு வருவேன்."

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு நிரஞ்சன் வந்தான். கையில் ஒரு காப்பி, தோளில் ஒரு பை, ஐந்து நிமிஷ வேலை என்ற நினைப்பு. வந்தவன் ஐந்தாம் ரேக்கைப் பார்த்துக் காப்பியைக் கீழே வைத்தான். நாற்பத்து மூன்று இருக்கை; நாற்பத்து மூன்றிலும் துணி. நெற்றி விளக்கு சுழன்று சுழன்று ரேக் முழுக்கச் சிவப்பு அடித்தது. குமாஸ்தாக்கள் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"என்ன மேடம் இது?"

"மறந்துட்டுப் போயிட்டாவ சார்."

"நாப்பத்து மூணு பேருமா?"

"வெயில்ல சோலி பாக்கவிய. மறதி இருக்கத்தான செய்யும்."

அவன் முட்டாள் இல்லை. திரையைத் தட்டி முந்தின நாள் பதிவைப் பார்த்தான். பயணிகள் மூன்று. புரிந்துவிட்டது. "இது ஏமாத்து வேலை மேடம்."

"எதுல ஏமாத்து? துணி அவுகளோடது. உடையவ வருதா. நான் பாத்துக் கொடுக்கப் போறேன். இதுல எது பொய்யின்னு சொல்லுங்க, நானே ரிப்போர்ட்டு எழுதித் தாரேன்."

"எல்லாத்தையும் காப்பறைக்கு அனுப்புங்க. வண்டி கிளம்பட்டும். இல்லன்னா நான் உங்க பேர்ல எழுதவேண்டி வரும். ரெண்டு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு."

இளைய மகன் படிப்பு, மூத்த மருமகள் பிரசவம் என்று அந்த இரண்டு வருஷத்தை ஏற்கெனவே பங்கு போட்டு வைத்திருந்தாள். ஆனாலும் அந்த ஏழு "சரி"யும் அதைவிடக் கனமாக இருந்தது.

"எழுதுங்க தம்பி. விதியில அரை மணி நேரம் இருக்கு. ஆறரை வரைக்கும் ஒரு துணியும் எடுக்க மாட்டேன்."

'சார்' போய்த் 'தம்பி' வந்ததை அவனும் கவனித்தான். தூணில் சாய்ந்து நின்றான்.

ஆறு ஐந்து. ரயில் இல்லை. ஆறு பத்து. தண்டவாளப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மற்ற ரேக்குகளிலிருந்து வண்டிகள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போயின. ஆறு பதினைந்து. ரயில் எந்த ஊரிலாவது படுத்துவிட்டதா? ஞானசுந்தரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மாதாவே, முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது இந்த ரயிலை நான் திட்டாமல் இருந்தேனா, இன்றைக்கு ஒரு நாள் பார்த்துக்கொள் என்று மனசுக்குள் பேரம் பேசினாள்.

ஆறு பதினேழுக்கு ரயில் ஊதியது.

பாலத்தில் முதலில் தெரிந்தது ரெஜினாளின் தலை. பின்னால் அத்தனை பேரும். நாற்பத்தெட்டுப் படியும் தடதடவென்று அதிர்ந்தன. நிரஞ்சன் தூணிலிருந்து நிமிர்ந்தான். ஐந்து வாரமாக அவன் திரையில் மூட்டையாகப் பார்த்தவர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டு அவன் மேல் மோதாத குறையாக ஓடி வந்தார்கள்.

"உடையவர் அடையாளம் சொல்லவும்."

"நீல பார்டரு. நடுவுல ஓட்ட. எங்க மாமியா கிழிச்சது."

"ஒப்படைக்கப்பட்டது. உடையவர் அடையாளம் சொல்லவும்."

"சேப்புத் துணி. மூலையில எம் மவ பூப் போட்டுருப்பா."

"ஒப்படைக்கப்பட்டது."

"அழுக்கா இருக்கும் பாரு, அதான் எனது."

"அடையாளம் போதாது."

"உப்பு நாறும்லா, மோந்து பாரு!" ரேக்கே சிரித்தது. ஞானசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுக்குக் கிழிசலைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவளை இழுத்தாள். திரையின் மூலையில் எண் ஏறியது. பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு. யாரோ சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "இருவத்தெட்டு! இருவத்தொம்பது!" முப்பது வந்தபோது எழுந்த குலவையில் ரயில்வே பக்கத்திலிருந்து ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பியைப் பிடித்து நின்ற குமாஸ்தாக்களில் ஒருவர் தன்னை மறந்து கைதட்டினார்.

ஆறு இருபத்தொன்பது. பயணிகள்: நாற்பத்து நான்கு. குமாஸ்தா இரண்டு, பெண்கள் நாற்பத்திரண்டு. தடம் பிழைத்துவிட்டது. பதினேழாம் சீட்டில் மட்டும் பச்சைத் துணி அப்படியே கிடந்தது.

"பேச்சி எங்கட்டி?"

"பின்னாலதான் வந்தா. கால் முடியலக்கா அவளுக்கு. பாத்தி கேக்கப் போறோம் இன்னைக்கு, நாப்பத்திரண்டு பேரும் அவ கூட நிக்கதா இருக்கோம். அவ இல்லாம போய் என்னத்தக் கேக்க?"

ஞானசுந்தரி அண்ணாந்து பார்த்தாள். பாலத்தின் மேலே பேச்சிக்கனி. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, இறங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் முப்பது படி இருந்தது.

ஆறரை. அரை மணி முடிந்தது. இனிமேல் ஞானசுந்தரி கையில் ஒன்றும் இல்லை. உடையவர் வராத பொருளோடு கதவை மூடிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். திரும்பி வந்த பிறகு துணி காப்பறைக்குப் போகும். அவள் நிரஞ்சனைப் பார்த்தாள். "தம்பி, ஒரு நிமிசம். நிறுத்துங்க அதை."

"என்னால முடியாது மேடம்." அவன் கையை விரித்தான். உண்மையிலேயே முடியாது. "அரை மணிங்கிறது சட்டம். நான் தொட முடியாது."

கதவு அசையவில்லை.

ஆறு முப்பத்தொன்று. கதவு அப்போதும் திறந்தேதான் கிடந்தது. சிவப்பு விளக்கு அணைந்து, மஞ்சளாக மாறி நின்றது. நிரஞ்சன் திரைக்கு ஓடினான். பதினேழாம் எண்ணுக்கு எதிரே "கேட்பாரற்ற பொருள்" என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் வேறு எழுதியிருந்தது.

இருக்கை பதினேழு: ஆள் வருகிறது.

"நான் இதை எழுதல" என்றான் மெதுவாக. "யாருமே எழுதல. நாப்பத்திரண்டு துணி, நாப்பத்திரண்டுக்கும் பாலத்துலருந்து ஆள் வந்திருக்காங்க. அதை வச்சு அதுவே... மேடம், துணி கிடந்தா ஆள் வரும்னு அதுவாவே கத்துக்கிச்சு. ஆள் வரும்னா அது பொருள் இல்ல, பயணி. பயணிக்கு அரை மணிக் கணக்குக் கிடையாது."

"கால் நூற்றாண்டு பஸ்ஸுல ஏறுனா நாய்க்கே தெரியும் தம்பி" என்றாள் ஞானசுந்தரி. ஆனால் அவள் கண் நிறைந்துவிட்டது.

பேச்சிக்கனி கடைசிப் படியை விட்டு இறங்கினாள். நாற்பத்திரண்டு பேரும் சன்னல் வழியாகக் கத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறி, பச்சைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் கதவு மூடியது.

ஞானசுந்தரி கூண்டுக்கு ஓடிப்போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்தாள். கேட்க டிரைவர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கறுத்த பித்தளையை வாயில் வைத்து, மூச்சு முட்ட ஊதினாள். வண்டி நகர்ந்தது.

நிரஞ்சன் படிவத்தில் ஒப்பம் வைத்தான். தடம் தொடரும் என்று இருந்தது. அவள் பேரில் எழுத வேண்டியதைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

அன்று பகலில் உப்பள வரப்பில் நாற்பத்து மூன்று பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் கங்காணிக்குப் பேச்சிக்கனியின் பாத்தி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே நின்றவளுக்கும் அடுத்த வரிசையில் ஒன்று கிடைத்தது.

சாரதி ஒன்றைக் கற்றுக்கொண்டால் எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்ளும். மதுரையில் வேட்டித் துண்டு, கோயம்புத்தூரில் கைக்குட்டை, வேலூரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ரிப்பன் என்று ஆறு மாதத்தில் மாநிலமெங்கும் வண்டிகள் காத்து நின்றன. போன் இல்லாதவர்கள், போனை வீட்டில் வைத்தவர்கள், போனே வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் துணி போட்டுப் பயணிகளானார்கள். சிலர் விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆள் வராத துணியை ஒரு வாரத்தில் சாரதி கண்டுபிடித்துவிட்டது. அதில் அது நம்மைவிடக் கெட்டி.

ஞானசுந்தரிக்கு அதெல்லாம் செய்தியாகத்தான் தெரியும். அவளுக்கு நடந்தது வேறு. அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதல் வாரத்துக்குப் பிறகு மறுபடியும் கேள்வி கேட்கத் திரை ஒளிர்ந்தது. முந்தின ஐந்து வாரங்களாக அந்தத் திரையைப் பார்த்தாலே அவளுக்குக் கை கூசும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். காத்திருப்பவர் எவரும் இல்லை, சரியா என்று அது கேட்கவில்லை.

"ஐந்தாம் ரேக்குக்கு இன்னும் யாராவது வர வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டது.

ரேக்கில் நாய் மட்டும் படுத்திருந்தது. ரயில் வரும் அறிகுறியே இல்லை. ஞானசுந்தரி பாலத்தைப் பார்த்தாள், ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், "ஆமாம்" என்று அமுக்கினாள்.